மூத்தார் வந்தால் எழும்ப வேண்டும்

என் கால்களில் நரம்பு சுருண்டது மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு. பிரஷர் வந்து சேர்ந்தது அதற்குப் பல வருஷம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில். தனித்தனியாக இருந்தவரை இரண்டையும் எப்படியோ சமாளித்தேன். இரண்டும் கைகோத்துக்கொண்டு எங்கள் குடும்ப மரியாதையோடு மோதியபோதுதான் கூத்து ஆரம்பித்தது.

அந்த மரியாதை இப்படி. தென்காசியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் என் கணவரின் அண்ணன், அதாவது என் மூத்தார், மரக்கடை வைத்திருந்தார். நினைத்த நேரத்துக்கு வருவார். வாசலில் ஒரு செருமல் கேட்கும். கேட்டதும் பெண்கள் எழும்பிவிட வேண்டும். அவர் உட்கார்ந்து, காபி குடித்து, தேக்கு விலையில் தொடங்கி டில்லி அரசியல்வரை பேசித் தீர்த்துக் கிளம்பும்வரை அடுக்களைக் கதவோரம் நிற்க வேண்டும். அங்கே செய்வதற்கு ஒன்றும் கிடையாது, சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் கைதேர்ந்தவள் அவருடைய மனைவி. ஓரகத்தி என்றாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் முன்னால் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலமானால் கணுக்கால் இரண்டும் வீங்கிவிடும். கொலுசைக் கழற்றிப் பெட்டியில் போட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று கொடுத்தார். அது பிரஷரைக் குறைத்தது. கூடவே மூக்கையும் அடைத்தது. சளி பிடிக்காமலே வாயால் மூச்சு விட்டேன். குழம்பு தீய்ந்தால் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்ல வேண்டியிருந்தது. பகலெல்லாம் தூக்கம். ரசத்தில் உப்பு கூடியதற்கெல்லாம் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். மூக்கும் பாதி திறந்தது. சட்டென்று எழும்பினால் கண் இருட்டுவது மட்டும் போகவில்லை.

"பாதி ரத்தம் கால் நரம்புலயே தேங்கிக் கெடக்கும்மா. மாத்திரையும் சேர்ந்துட்டா, எந்திரிக்கும்போது தலைக்கு ஏற நேரமாகும்" என்றார். "காலைல படுக்கையிலயே காலுக்குப் பட்டைத்துணிய சுத்திக்கிடுங்க. செத்த நேரம் உக்காந்துட்டு மெதுவா எந்திரிங்க. ஒரே எடத்துல நிக்காதீங்க. எப்பவாவது நரம்பு ஒடஞ்சா பதறாம படுத்து, கால மேல தூக்கி, துணிய வச்சு அழுத்துங்க."

இதை என் கணவர் அண்ணனிடம் பயந்து பயந்து சொன்னார்.

"பொம்பளைக்கு என்னலே பிரஷர்? கடை நடத்துத எனக்கே வரல. வீட்டுக்குள்ள சும்மா இருக்கவளுக்கு வந்துட்டாக்கும்?" என்று மூத்தார் சிரித்தார். என் கணவரும் கூடச் சிரித்தார். அண்ணன் சிரித்தால் தம்பியும் சிரிப்பது அந்த மரியாதையில் சேர்த்தி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு சீசா மாத்திரை தின்றாலும் பிரஷர் இறங்கியிருக்காது.

அந்த வருஷச் சாரலுக்குக் குற்றாலத்தில் வீடு எடுத்து இரண்டு குடும்பமும் தங்கினோம். மூத்தார் தினமும் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி, அருவியில் நின்றுவிட்டு வந்து, எனக்கும் சேர்த்து வைத்தியம் சொல்வார்.

"மாத்திரைய தூரப் போடச் சொல்லு. அருவில தலையக் குடுத்தா எந்தப் பிரஷரும் ஓடிரும்."

நான் மாத்திரையையும் போடவில்லை, அருவிக்கும் போகவில்லை. ஆனால் சாரலை யார் தடுப்பது? துவைத்துக் கொடியில் போட்ட என் பட்டைத்துணி இரண்டு நாளாகியும் காயவில்லை. வெறுங்காலைத் தலையணைமேல் வைத்துக் கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தேன். செருமல் கேட்டது.

இத்தனை வருஷப் பழக்கம், டாக்டர் சொன்னதை நினைக்கவா விடும்? துள்ளி எழும்பினேன். கண் இருண்டது. விழும்போது இரும்புப் பெட்டியின் முனையில் கால் இடித்து, நரம்பு உடைந்து ரத்தம் பீய்ச்சியடித்தது. வலி அவ்வளவாக இல்லை. பயம்தான், செத்தேன் என்றே நினைத்தேன்.

மூத்தார் அதற்குள் கட்டிலுக்கு எதிரே சாய்வு நாற்காலியில் அமர்ந்தாயிற்று. ரத்தத்தைப் பார்த்ததும், "பிடிச்சு உக்கார வைங்க! சோடா வாங்குங்க!" என்று கத்தினார். என் கணவர் என்னைத் தூக்கி நிமிர்த்தப் பார்த்தார். உட்கார உட்கார ரத்தம் கூடியது.

"படுக்க விடுங்க. கால மேல தூக்குங்க" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. காலைத் தூக்கினால் பாதம் நேரே மூத்தார் முகத்தைப் பார்க்கும்.

"ஏட்டி, அவுக முன்னால கால நீட்டவா?" என்று அக்கா என் காதில் கிசுகிசுத்தாள்.

என் ரத்தம் தரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இவர்கள் என் கால் எந்தத் திசையைப் பார்க்கும் என்று யோசிக்கிறார்கள். அவர் காதுபட அதுவரை குரல் உயர்த்திப் பேசியிராத நான், தொண்டை கிழியக் கத்தினேன்.

"மரியாதைய நான் பொழைச்சா பாத்துக்கிடலாம்! கால தூக்குங்க!"

அக்காதான் அசைந்தாள். தன் கணவர் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை உருவி என் காலில் வைத்து அழுத்தினாள். உயர்த்தி வைக்க வேறு இடம் கிட்டத்தில் இல்லாததால் காலை அவருடைய நாற்காலியின் கைப்பிடிமேலேயே வைத்தாள். என் குதிகால் அவர் முழங்கையை உரசியது. அவர் அதைப் பார்த்தார், சிவந்து வரும் துண்டைப் பார்த்தார், கண் சொருகிச் சாய்ந்தார். வாங்கி வந்த சோடா அவருக்குத்தான் உதவியது.

ரத்தம் நின்றது. டாக்டர் இறுக்கிக் கட்டி அனுப்பினார். அதன்பிறகு மூத்தார் தென்காசி வீட்டுக்கு வரும்போது செருமுவதில்லை. தெருவிலிருந்தே, "அவள எந்திரிக்காண்டாம்னு சொல்லுலே!" என்று அலறிக்கொண்டு வருவார். நான் காலை முக்காலிமேல் வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். அவர் சுவரைப் பார்த்துப் பேசுவார். எனக்கு அது பரம சுகமாக இருந்தது.

சலுகை எனக்கு மட்டும்தான். கூட வரும் அக்கா வழக்கம்போலக் கதவோரம் நிற்பாள். ஒருநாள் அவர் சுவரைப் பார்த்துத் தேக்கு விலை பேசிக்கொண்டிருக்கையில் என்னிடம் குனிந்தாள்.

"அந்த டாக்டர்ட்ட என்னையும் ஒருக்க கூட்டிட்டுப் போறியாட்டி?"

"ஏன்க்கா, தலை சுத்துதா?"

"அதெல்லாம் இல்ல. எனக்கும் பிரஷர்னு ஒரு வார்த்தை சொல்லுவாரான்னு பாக்கணும்."

"அந்த மாத்திர மூக்க அடைக்கும்க்கா. சும்மா சும்மா அழுகையா வரும்."

ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள்.

"அடைச்சா அடைக்கட்டும். செத்த உக்காரலாம்லா."