தலைக்கு ஒரு டீ

போன வாரம் புதன்கிழமை சாயங்காலம் பென்னாகரம் லாட்ஜின் முன்கூடத்தில் இருந்தவர்கள்: மேனேஜர் கோவிந்தசாமி. வாணியம்பாடியிலிருந்து செருப்பு வியாபாரத்துக்கு வரும் கரீம் பாய். சேலத்து விதைக் கம்பெனி ஆள் ரவி - கல்யாணமாகி இரண்டு மாதம். அப்புறம் நான்.

வாசல்படியில் இன்னொருவர். பெயர் மாதையன், ஊர் இண்டூர். அவர் தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் இருந்ததை அப்போது நாங்கள் யாரும் ஆள் கணக்கில் சேர்க்கவில்லை.

அதைச் சொல்லும் முன் லாட்ஜைச் சொல்லிவிட வேண்டும்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஊதுபத்தி லைன். மாதத்தில் பாதி நாள் வெளியூர்ப் படுக்கை. ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார் - எப்போது பார்த்தாலும் ஏன் லாட்ஜைத் திட்டுகிறீர்கள் என்று. நான் எங்கே திட்டினேன்? இருப்பதைச் சொன்னேன். கேட்டால் திட்டு மாதிரி இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

இந்த லாட்ஜின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லவும் முடியாது. போர்டில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. 'உங்கள் வீடு போல் தங்கலாம்' என்ற வரி மட்டும் அப்படியே இருக்கிறது. பொய்க்கு நல்ல பெயின்ட் போட்டிருக்கிறார்கள்.

முதலாளி ஒருவர், லாட்ஜ் மூன்று. தர்மபுரியில் ஒன்று, மொரப்பூரில் ஒன்று, பென்னாகரத்தில் ஒன்று. மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே பச்சைச் சுவர், ஒரே மூட்டைப்பூச்சி.

முதலாளி எதையும் தூக்கி எறிய மாட்டார். தர்மபுரியில் கட்டில் ஆட ஆரம்பித்தால் மொரப்பூருக்கு அனுப்புவார். அது ஸ்டேஷனை ஒட்டிய லாட்ஜ். ரயில் போனால் கட்டடமே ஆடும். கட்டில் ஆடுவது தனியாகத் தெரியாது. அங்கேயும் தாங்கவில்லை என்றால் பென்னாகரம். மெத்தை, பக்கெட், முகம் பார்க்கும் கண்ணாடி... எல்லாம் இதே வழிதான். பென்னாகரத்துக்கு அப்புறம் அனுப்ப லாட்ஜ் இல்லை. ஒகேனக்கல் ஆறுதான்.

மேனேஜர் கோவிந்தசாமியும் அப்படி வந்து சேர்ந்தவர். வாலிபத்தில் தர்மபுரி, நடுவயதில் மொரப்பூர், இப்போது இங்கே. அவருக்கு அறை கிடையாது. ராத்திரி முன்கூடத்து பெஞ்சில், வாசலை அடைத்த மாதிரி படுத்துக்கொள்வார்.

எங்கள் அறை மாடியில். நாலு கட்டில். முன்பின் தெரியாதவர்களும் கட்டிலுக்கு வாடகை கொடுத்துப் படுக்கலாம். கூரையில் நட்டநடுவே ஓர் இரும்புக் கொக்கி. ஃபேன் ரிப்பேருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. கொக்கி மட்டும் டூட்டியில் இருக்கிறது.

ஃபேன் எங்கே என்று மேனேஜரைக் கேட்டிருக்கிறேன். ஒரே பதில்.

"இது என்ன உங்க வூடா?"

பாய் தலையணை கேட்டார். "இது என்ன உங்க வூடா?" ரவி வெந்நீர் கேட்டான். "இது என்ன உங்க வூடா?" இந்த ஒரு கேள்வியை வைத்து மூன்று லாட்ஜையும் ஓட்டிவிட்டார் மனுஷர்.

ஒன்று மட்டும் இலவசம். காலையில் தலைக்கு ஒரு டீ. எதிர்க்கடையிலிருந்து கம்பி ஸ்டாண்டில் மேனேஜரே வாங்கி வருவார். முதலில் வெறுங்கையோடு வந்து கதவருகே நின்று தலை எண்ணுவார். குளியலறையில் இருக்கும் தலைக்கு டீ இல்லை. போர்வைக்குள் இருக்கும் தலை அவர் இஷ்டம். இரண்டாவது டீ கேட்டால்... என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

இனி மாதையன்.

"ஒரு ராத்திரிக்கு எடம் கெடைக்குங்களா?"

"கட்டில் ஒண்ணு இருக்குது. பையில என்னா?"

துணிமணி என்று சொல்லியிருந்தால் முடிந்தது. பையைத் திறந்து பார்க்க இது என்ன செக்போஸ்டா? ஆனால் மாதையனுக்குப் பொய் வரவில்லை.

"எங்கண்ணனுங்க" என்றார்.

ரவி எழுந்து நின்றுவிட்டான். நின்றுகொண்டிருந்த மேனேஜர் உட்கார்ந்தார்.

மாதையன் பையை விலக்கிக் காட்டினார். வாய்க்கு மஞ்சள் துணி கட்டிய சின்ன மண் கலயம்.

"மெட்ராஸ்ல செத்துட்டாருங்க. அங்கியே எரிச்சாச்சு. சாம்பலை நம்ம ஆத்துல கரைக்கணும்னு அண்ணி சொல்லி அனுப்புச்சுங்க. ரயிலு மொரப்பூருக்கே லேட்டு. தர்மபுரியில பஸ்ஸு பஞ்சர். இங்க வந்தா, ஒகேனக்கல் கடைசி பஸ்ஸும் போயிடுச்சு."

"இண்டூரைத் தாண்டித்தான வந்தே? உன் வூட்டுல இறங்கிக்கிறதுக்கென்ன?"

"இதை வூட்டுக்குள்ள கொண்டு போவக் கூடாதுங்களே. மக வேற பிள்ளை பெத்து வந்திருக்குது. பஸ்ஸு எங்க தெரு முன்னாடிதாங்க நின்னுச்சு. நான் இறங்கல."

"தெரியுதில்ல? உன் வூட்டுக்கு ஆகாதது என் வூட்டுக்கு மட்டும் ஆகுமா?"

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. கரீம் பாய் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மெதுவாக மடித்தார்.

மேனேஜரே வழியும் சொன்னார். "எதிர்ல புளியமரம் இருக்குது பாரு. கிளையில கட்டி வுட்டுட்டு நீ மட்டும் வந்து படு. எல்லாரும் செய்யிறதுதான். நான் ஒண்ணும் புதுசா சொல்லல."

உண்மைதான். அஸ்திக் கலயத்தை வீட்டில் வைப்பதில்லை. வெளியே மரத்தில் கட்டிவிட்டுக் காலையில் எடுத்துப் போவார்கள். மாதையனுக்கும் தெரியும். இருந்தாலும் அவர் வாசல்படியை விட்டு நகரவில்லை.

"வழக்கம் தெரியுங்க. எங்கண்ணன் மெட்ராஸ்ல ராத்திரி வாட்ச்மேனுங்க. இருவது வருசம். மழையோ பனியோ, அடுத்தவன் வாசல்லதான் படுக்கை. செத்ததும் வாசல்லதான். இன்னைக்கி ஒரு ராத்திரி கூரைக்குக் கீழ இருக்கட்டும்ங்க. நாளைக்கி ஆத்தோட போயிடுவாரு."

ரோட்டில் ஒரு மாட்டு வண்டி போனது.

"அதெல்லாம் சரிப்பா..." என்று மேனேஜர் இழுத்தார். "ஆனா வூடுன்னு ஒண்ணு இருந்தா -"

"மேனேஜரே" என்றார் பாய்.

"என்னா பாய்?"

"போன மாசம் ஒரு தலகாணி கேட்டேன். என்னா சொன்னீங்க?"

"அது இப்ப எதுக்கு?"

"இது என்ன உங்க வூடான்னு கேட்டீங்களா இல்லியா?"

"என்கிட்ட காலைல கூடச் சொன்னாரு சார்" என்றான் ரவி. "வெந்நீருக்கு."

என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

பாய் விடவில்லை. "எனக்கு உங்க வழக்கமெல்லாம் தெரியாது. ஒண்ணு மட்டும் கேக்கறேன். இது வூடா, லாட்ஜா? வூடுன்னா எனக்குத் தலகாணி குடுங்க, தம்பிக்கு வெந்நீர் குடுங்க, இவருக்கு ஃபேன் மாட்டுங்க. வூடு இல்லேன்னா அவரை உள்ள வுடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, கேட்டுக்கறோம்."

மேனேஜர் யோசித்தார். எனக்குத் தெரிந்து அவர் யோசித்தது அன்றுதான். தலையணை வாங்க வேண்டும். வெந்நீருக்கு விறகு வேண்டும். ஃபேனுக்கு முதலாளியைக் கேட்க வேண்டும். கலயத்துக்கு எதுவும் வேண்டாம்.

"லாட்ஜுதான்" என்றார்.

வீட்டின் வசதி ஒன்றும் இல்லாமல் வீட்டின் சட்டம் மட்டும் இருக்கும் இடத்துக்குத்தான் நம் பக்கத்தில் லாட்ஜ் என்று பெயர். அன்று சட்டமும் போனது. ஆனால் மேனேஜர் என்றால் மேனேஜர்தானே? சும்மா விடுவாரா?

"கட்டில் மேல வெக்கக் கூடாது. நாளைக்கி வேற ஆளு படுப்பான். தரையிலயும் வெக்கக் கூடாது, நான் பெருக்கணும். ஜன்னல்ல வெச்சா ரோட்டுல போறவன் பாப்பான். எங்க வெப்பியோ வெச்சுக்கோ."

மாதையன் கலயத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "மடியில வெச்சுக்கறேங்க. ரயில்லயும் அப்படித்தான் வந்தேன். உக்காந்தே இருந்துடுவேன்."

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று பேசினேன்.

"கொக்கி இருக்கு" என்றேன்.

நாலு பேரும் மாடிக்குப் போனோம். பாயிடம் செருப்பு மூட்டை கட்டும் கயிறு இருந்தது. கொக்கிக்கு நேர் கீழே என் கட்டில். ஏறி நின்றேன். ரவி கட்டிலைப் பிடித்துக்கொண்டான். மேலே பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டே பிடித்தான். மாதையன் கலயத்தை நீட்டினார். மூன்று வருஷமாக அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். அன்றுதான் அதற்கு வேலை வந்தது.

இறங்கிக் கட்டிலை ஓரமாகத் தள்ளினேன். கட்டில் வந்தது. அதன் கால் ஒன்று அங்கேயே நின்றது. பாயின் பெட்டியை முட்டுக் கொடுத்தோம்.

"சார், எனக்குப் புதுசா கல்யாணம் ஆயிருக்கு" என்றான் ரவி.

"அதுக்கு?" என்றார் பாய்.

"இல்ல... சும்மா சொன்னேன்."

"பயப்படாத தம்பி. பேசாத ஆளு, குறட்டை வுடாத ஆளு. இந்த ரூமுக்கு இப்படி ஒருத்தர் வந்ததே இல்ல."

மாதையன் சிரித்துவிட்டார். சிரித்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நான் சாம்பிள் பெட்டியிலிருந்து மல்லிகைப் பத்தி இரண்டை எடுத்துக் கொளுத்தி ஜன்னல் கம்பியில் செருகினேன். வியாபாரத்தில் எனக்கு நஷ்டம் இரண்டு குச்சி. கீழேயிருந்து குரல் வந்தது.

"அங்க பத்தி கொளுத்தாதீங்க! சாவு வூடு மாதிரி நாறுது!"

"பாருங்க" என்றார் பாய். "திரும்பவும் வூடுங்கறாரு."

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் படியேறி வந்தார். காலை டீ நேரம் தவிர அவர் மாடிக்கு வந்து நான் பார்த்ததில்லை. கதவருகே நின்றார். கொக்கியை அண்ணாந்து பார்த்தார். முடிச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் போல என்று நினைத்தேன்.

"உங்கண்ணன் என்னா பில்டிங்குல வாட்ச்மேன்?"

"லாட்ஜுங்க" என்றார் மாதையன். "நாலு மாடி லாட்ஜு. கேட்டுக்கு உள்பக்கம் ஒரு பெஞ்சு போட்டிருந்தாங்க. அதுலதான் படுப்பாரு."

"ரூமு?"

"ரூமா? ஒரு நாளும் கெடைக்கலீங்க. ஒருதரம் காய்ச்சல்ல கேட்டாராம். காலியாத்தான் இருந்துச்சாம். குடுக்கல."

"மேனேஜர் யாரு?"

"அது தெரியலீங்க."

மேனேஜர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தோம். "விளக்கை அணைச்சிருங்க, கரண்டு பில்லு ஏறுது" என்றார். இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கீழே பெஞ்சு கிரீச்சிட்டது.

தூக்கமா? எனக்கு வந்தது. மூட்டைப்பூச்சிக்குத் துக்கம் கிடையாது, அது தன் வேலையைப் பார்த்தது. ரவி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு கிடந்தான். மாதையன் மட்டும் மல்லாந்து படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்த அண்ணனை எதிர்த் திண்ணையிலிருந்து பார்க்கிற மாதிரி, சாவகாசமாக.

விடிந்தது. முதல் பஸ்ஸுக்கு மாதையன் தயாராகிவிட்டார். கலயத்தை இறக்கலாம் என்று ரவியின் கட்டிலை நடுவே இழுத்து நான் கால் வைத்தபோது படியில் சத்தம். மேனேஜர்.

தலை எண்ண வரவில்லை. நேராகக் கம்பி ஸ்டாண்டோடு வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் ஒவ்வொரு டம்ளராக எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தார்.

மாதையன் பார்த்துக்கொண்டே இருந்தார். "நாலு பேருதானுங்களே..." என்றார் தயங்கி.

"எனக்கு எண்ணத் தெரியும். ஆறிடப் போவுது, குடிங்க" என்றார் மேனேஜர். போகும்போது கொக்கியை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

லாட்ஜ் திருந்திவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். டீ வழக்கம்போலத் தண்ணீர்தான். சர்க்கரையைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பாய்க்குத் தலையணை வரவில்லை. கிளம்பும்போது ஃபேனைப் பற்றிக் கேட்டேன். அதே பதில்.

காலி டம்ளர்களைக் கடையில் கொடுக்கச் சொல்லி என் கையில் ஸ்டாண்டைத் திணித்தார். அதில் ஒன்று மட்டும் காலியாக இல்லை. கடைக்காரர் எண்ணி வாங்கினார்.

ஐந்து.