கவர்னர் விட்ட லீவு

எங்கள் வீட்டு மாடியில் ஓர் ஆப்கானிஸ்தான் அண்ணன் குடியிருந்தார். கோயம்புத்தூருக்கு வேளாண்மை படிக்க வந்தவர். எங்கள் தெருவிலேயே தமிழ் கற்றுக்கொண்டதால் தெருநாயைக்கூட "போங்க" என்றுதான் விரட்டுவார். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலம் அது. ஏழாம் வகுப்பை வீட்டிலேயே கழித்துக்கொண்டிருந்த நான் ராணி மாதிரி இருந்தேன்.

அந்த ஆகஸ்டில் அவர் நாட்டைத் தாலிபான்கள் பிடித்தார்கள். அண்ணன் சோறு தண்ணியில்லாமல் போனும் கையுமாக அலைந்தார். ஒருநாள் அப்பா விசாரித்தார்.

"ஏனுங்க தம்பி, ஊர்ல எப்படீங்க?"

"எங்க மாகாணத்துக்குப் புது கவர்னர் வந்திருக்காருங்க. பயமா இருக்குதுங்க."

"அட, கவர்னர்தானுங்களே! பட்டமளிப்பு விழாவுக்கு வருவாரு, போட்டோ புடிச்சுட்டுப் போயிருவாரு. உட்டுத் தள்ளுங்க."

அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு விளக்கினார். அங்கே கவர்னர் வைத்ததுதான் சட்டமாம். பெரிய பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகளை மூடிவிட்டார்கள். ஒருசில மாகாணங்களில் மட்டும் கவர்னர் மனசு வைத்துத் திறக்கிறாராம். அண்ணனுடைய தங்கையும் ஏழாவதுதான். இந்தப் புது மனிதர் திறந்தால்தான் அவளுக்குப் படிப்பு. அம்மா உச்சுக்கொட்டினாள். எனக்கோ வயிறு எரிந்தது. கொரோனா போனாலும் பள்ளிக்கூடம் கிடையாதாமே! கொடுத்து வைத்தவள்.

நவம்பரில் என் பள்ளியைத் திறந்து தொலைத்தார்கள். என் வயிற்றுவலி நாடகம் எடுபடவில்லை. "ஒழுங்காக் கெளம்பு அம்மணி" என்று அம்மா விரட்டினாள். அந்த வாரமே ஒரு சாயங்காலம், அண்ணன் மாடிப்படியில் தடதடவென்று ஓடிவந்தார்.

"தொறந்துட்டாருங்க! கவர்னர் பள்ளிக்கூடத்தத் தொறந்துட்டாருங்க!"

அவர் கண்ணெல்லாம் தண்ணீர். அம்மா உடனே ஒப்புட்டுக்கு, அதுதான் எங்கள் ஊர்ப் போளிக்கு, பருப்பு வேகப்போட்டாள். முன்பின் பார்த்திராத கவர்னரை, தங்கமான மனுசன் என்று அப்பா புகழ்ந்து தள்ளினார். வீடே கொண்டாட்டமாக இருந்தது.

வீடியோ காலில் தங்கை வந்தாள். மடியில் புத்தகப்பை, முகமெல்லாம் சிரிப்பு. பாவம், அழுகையை அடக்கிக்கொண்டு சிரிக்கிறாள் என்றே நினைத்தேன். என்னைப் போலவே அவளும் மாட்டிக்கொண்டாளே! எனக்கு மனசு கேட்கவில்லை. போனைப் பிடுங்கி ஆறுதல் சொன்னேன்.

"கவலப்படாத கண்ணு. சீக்கிரமே மறுபடியும் லீவு உட்டுருவாங்க."

நான் என்ன சொன்னேன் என்று அவள் அண்ணனைக் கேட்டாள். அண்ணன் அதைச் சொல்லாமல் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "சொல்லுங்கண்ணா, அவகிட்டச் சொல்லுங்கண்ணா" என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். இத்தனை நல்ல வார்த்தையை இவர் எதற்கு மறைக்கிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.