அப்பாவின் நெற்றியில் வைத்த சந்தனம்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்பது அன்று காலையில்தான் எங்களுக்கு உறைத்தது. என் போனில் ஒன்று இருந்தது. செம்பாக்கம் ஏரிக்கரையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தபோது எடுத்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் என்று மட்டும் கேட்டேன். எந்தப் பேப்பரில் என்று கடைக்காரரும் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டென்று எனக்கும் தெரியாது. வந்த முகம் மங்கி, சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கண்ணாடி போட நேரமில்லை. அட்டையில் ஒட்டி, மாலை சாத்தி, நாற்காலியில் வைத்தோம். அப்பாவின் தங்கை, என் அத்தை, சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்து அவர் நெற்றியில் பொட்டு வைத்தார். எப்போதும் கண்ணாடிமேல் வைத்துப் பழகிய கை.

நெற்றி கரைந்தது. சந்தனம்தான் வழிகிறது என்று நினைத்தேன். வழிந்தது ஊதா நிறம். புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. அத்தை பதறிப்போய்த் துடைத்தார். கண் அவர் விரலோடு வந்துவிட்டது.

"இன்னாடா பண்ணி வச்சிகீற எங்கண்ணன" என்றார் மெதுவாக.

ஐயர் கிளம்பிவிட்டதாகப் போன் வந்திருந்தது. முகமில்லாத அட்டைக்கு எப்படிப் படைப்பது?

அதை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அட்டையைக் காட்டினேன். கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

"சந்தனம் வைக்கிற படம்னு சொல்லக் கூடாதாண்ணா? இது சாதா பேப்பர். இங்க் உள்ள ஊறிப் பரவிடும், அதான் டல்லடிக்குது. ஈரம் பட்டா ஓடிடும்."

போட்டோ பேப்பரில் மேலே ஒரு பூச்சு இருக்குமாம், மை அதிலேயே நிற்குமாம். ஆனாலும் இதையும் நனைக்க வேண்டாம் என்றார். அதில் மறுபடி பிரிண்ட் போட்டார்; அதே போன், அதே மிஷின். வெளியே வந்ததைப் பார்த்து இன்னொரு முறை திடுக்கிட்டேன். ஷேவ் பண்ணும்போது தாடையில் கீறிக்கொண்ட கோடுகூடத் தெரிந்தது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டில் அதையும் ஒரு அட்டையில் ஒட்டி வைத்ததும் அத்தை மறுபடியும் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். விரல் நெற்றிக்கு அருகே போய் நின்றுவிட்டது. பிறகு படத்தைத் தொடாமல், அட்டையின் வெற்று ஓரத்தில் பொட்டு வைத்தார்.

"அங்கருந்தே எடுத்துக்கோண்ணா" என்றார்.