நோ-கோ கேஜில் மூடிய போல்ட்

1. மண்ணெண்ணெய்த் தொட்டி

இருபது போல்ட்டும் ஒரே மண்ணெண்ணெய்த் தொட்டியில் கிடந்தன. போட்டவன் நான்தான்.

1960 ஏப்ரல் முதல் தேதி, வெள்ளிக்கிழமை, திருத்தணிப் பக்கம் மதராஸ் மாநிலத்தோடு சேர இருந்தது. அதற்குச் சில நாள் முன்பு, சித்தூரில் நான் ஆர்மரராக, ஆயுதங்களைப் பழுது பார்க்கிறவனாக, இருந்த போலீஸ் கிடங்கின் இருபது .303 துப்பாக்கிகளில் எட்டை, அந்தப் பக்கம் போகும் ஒரு ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொன்னார்கள்.

துப்பாக்கி ஓர் அறையில், தோட்டாவுக்குப் பின்னால் குழலை அடைக்கும் போல்ட் வேறு அறையில் பூட்டிய பெட்டியில் இருக்கும். துப்பாக்கியைத் திருடினாலும் சுட முடியாது. ஒவ்வொரு போல்ட்டின் கைப்பிடியிலும் அதனதன் துப்பாக்கி நம்பர் அடித்திருக்கும். பளபளப்பாக ஒப்படைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒன்றாக ஊறப்போட்டேன். லாரி வாசலில் ஹாரன் அடித்தது. நம்பரில் கிரீஸ் அப்பியிருந்தது. துடைத்துப் பார்க்காமல் எட்டு போல்ட்டை எண்ணி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கையெழுத்துப் போட்டேன்.

2. எண்ணிக்கை சரி

மறுநாள் விடியற்காலையில், மிச்சம் பன்னிரண்டைப் பூட்ட எடுத்தபோதுதான் நம்பரைப் படித்தேன். மூன்று எங்களுடையவை அல்ல, அனுப்பிய துப்பாக்கிகளுடையவை. அப்படியானால் எங்கள் மூன்று அங்கே போயிருக்கின்றன. அந்த ஸ்டேஷனில் அன்று காலையே சுடும் பயிற்சி. சுடுகிறவர்களில் என் தங்கை புருஷன் கோவிந்தனும் ஒருவன். நகரியில் தறி நெய்யும் குடும்பம்.

எந்த போல்ட்டும் எந்தத் துப்பாக்கியிலும் நுழைந்து மூடிக்கொள்ளும். அதுதான் ஆபத்து. வேறு துப்பாக்கியின் போல்ட் மயிரிழை நீளம் குறைந்தால் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி விழும். சுடும்போது பித்தளைக் கூடு நீண்டு அறுந்தால், நெருப்பும் காற்றும் பின்னால், சுடுகிறவன் முகத்துக்கு வரும்.

ஹெட் கான்ஸ்டபிளிடம் சொன்னேன்.

"லெக்க சரிபோயிந்தி கதய்யா. அங்க எட்டு, இங்க பன்னெண்டு. பேப்பர் போயாச்சு, உடு," என்று தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்.

டிரங்க் கால் போட்டோம், லைன் கிடைக்கவில்லை. திருப்பதிக்காரரான இன்ஸ்பெக்டர் வரும்வரை வராந்தாவில் உட்கார முடியாமல் நடந்தேன். தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"மெமோ உண்டு, அது தப்பாது. மொதல்ல ஜீப் எடுத்துக்கினு போ," என்றார்.

3. ஐந்து ரவுண்டு

புத்தூர் தாண்டி ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. மடியில் மூன்று போல்ட், சட்டைப் பையில் நோ-கோ கேஜ். தோட்டா இடத்தில் அந்தக் கேஜை வைத்தால் போல்ட் மூடக்கூடாது; மூடினால் அந்தத் துப்பாக்கியைச் சுடக்கூடாது. பையில் அது இருக்கிறதா என்று எத்தனை முறை தொட்டுப் பார்த்தேன் என்று தெரியாது.

போய்ச் சேர்ந்தபோது கோவிந்தன் மணல் மூட்டைமேல் படுத்து, இரண்டாவது முறைக்குத் தோட்டா ஏற்றிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் நிறுத்துங்க. கைய எடு," என்றேன்.

"இன்னா மச்சான், இம்மாந்தூரம் வந்துகீற. அஞ்சு சுட்டாச்சு, நாலு டார்கெட்ல," என்று சிரித்தான்.

போல்ட்டில் இருந்தது எங்கள் நம்பர். தோட்டாக்களை எடுத்துவிட்டுக் கேஜை வைத்தேன். போல்ட் எந்தத் தடையும் இல்லாமல் மூடியது. அவன் சுட்ட வெற்றுக் கூடுகளைப் பொறுக்கினேன். ஐந்திலும் அடிப்பக்கம், பித்தளை நீண்டு மெலிந்த இடத்தில், பளிச்சென்று ஒரு வளையம். ஐந்தாவதில் அந்த வளையத்தின் மேலேயே நகம் மாட்டும் அளவுக்குக் கீறல்.

கோவிந்தன் நகத்தை வைத்துப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "உன் தங்கச்சிகிட்ட சொல்லாத," என்றான்.

4. எஸ்.எல்.ஆர். வந்த பிறகு

பல வருடம் கழித்து, தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். வந்தது. புதிய ஆர்மரர்கள் நிறையக் கேட்பார்கள். குண்டேற்ற இழுக்கும் காக்கிங் ஹேண்டில் ஏன் இடது பக்கம்? வலது கை பிடியை விட வேண்டாம் என்பதற்கு. காஸ் ரெகுலேட்டர் எதற்கு? அழுக்கேறித் துப்பாக்கி மந்தமானால் விசையைக் கூட்டுவதற்கு. கேட்டதும் புரிந்துவிடும்.

லாக்கிங் ஷோல்டர் என்ற சின்ன இரும்புத் துண்டில்தான் சிக்குவார்கள். சுடும்போது போல்ட் முட்டி நிற்பது அதில். அதைப் பல அளவுகளில் செய்து, ஒவ்வொன்றிலும் அளவை நம்பராக அடித்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே அளவில் செய்தால் வேலை மிச்சம்தானே என்பார்கள்.

வெற்றுக் கூடுகளைத் திருப்பி ஒப்படைப்பது சட்டம். அதனால் அந்த ஐந்தாவது கூடு என்னிடம் இல்லை. அன்றே டைரியில் அதை அளவு மாறாமல் வரைந்து, கீறலையும் குறித்து வைத்திருந்தேன். மெமோவும் அதே பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து, ஷோல்டரின் அளவு மாறினால் தோட்டாவுக்குப் பின்னால் இதே இடைவெளிதான் என்று காட்டுவேன். பார்த்தவர்கள் ஷோல்டரின் நம்பரைத் துடைத்துப் படிக்கத் தொடங்குவார்கள்.