நீல வாளி

தானியேல் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் அவர் மனைவி கிரேஸ், "கம்பெனில இ.டி.பி. ஆபரேட்டரு" என்பாள். சர்ச்சில் சொல்லும்போது குரல் கொஞ்சம் ஏறும். இ.டி.பி. என்றால் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற இடம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியில் பதினோரு வருஷமாக அவருக்கு அங்கேதான் டூட்டி. பதினோரு வருஷமும் காண்டிராக்ட். காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் பழைய ஆள் போலக் கூப்பிட்டுப் புது ஆள் போலக் கையெழுத்து வாங்குவார்கள்.

ஆனால் அவர் உண்மையில் செய்த வேலை இதுதான். காலையில் போனதும் ஒரு நீல பிளாஸ்டிக் வாளியைக் கழுவுவார். கேன் தண்ணீரை அதில் ஊற்றுவார். கழிவுநீர் போகிற குழாயில் இருக்கவேண்டிய சென்சாரைக் கழற்றி வாளிக்குள் விடுவார். சென்சார் பாவம், அதற்கு என்ன தெரியும்? நல்ல தண்ணீரை அளந்து நல்ல எண்ணாக அனுப்பும். அந்த எண்கள் கம்பெனி கேட்டில் இருக்கும் போர்டில் ராவும் பகலும் ஓடும், எல்லாம் அளவுக்குள். ரோட்டில் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

இதை அவர் ஒளித்து வைக்கவில்லை. மகள் மோனிகா ஒன்பதாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிச்சோறு சாப்பிட்ட குஷியில் அவரே சொன்னார்.

"சென்சாருக்கு கேன் தண்ணி, நமக்கு போர் தண்ணி. இன்னா வாழ்க்கை பாத்தியா!"

வீடே சிரித்தது. மோனிகாவுக்கு அது அவ்வளவு பெரிய ஜோக்காகத் தெரிந்ததால் மறுநாள் ஸ்கூல் வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூமிகாவிடம் அப்படியே நடித்துக் காட்டினாள். பூமிகா சிரிக்கவில்லை. தொழிற்பேட்டைக்குப் பின்னால்தான் அவள் அப்பா தணிகாசலத்தின் மூன்று ஏக்கர் நெல் வயல். "யார்கிட்டயும் சொல்லாதடி" என்று மோனிகா அப்புறம்தான் யோசித்துச் சொன்னாள். பூமிகா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு எத்தனை ஆயுசு என்று மோனிகாவுக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

மோனிகா கெட்டிக்காரி. அதில் சந்தேகம் வேண்டாம். தானியேலின் அப்பா பொன்னேரிப் பக்கம் பண்ணைக் கூலி. தானியேல் பத்தாவது பெயில். அந்த வழியில் வந்த பெண் மேடையேறி இங்கிலீஷில் பேசினால் எதிரே இருக்கிற சார்கள் வாயைப் பிளப்பார்கள். பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடம் 'மாதிரி ஐ.நா. மாநாடு' நடத்தியபோது சுற்றுச்சூழல் குழுவுக்கு அவளைத்தான் தலைவராகப் போட்டார்கள். பிள்ளைகள் வாயில் அது 'சேர்பர்சன்'. ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேசி, கடைசியில் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தலைப்பு, தொழிற்பகுதிகளில் நிலத்தடி நீர். இதில் ஒரு விசேஷம் இருந்தது. நிறைவேறுகிற தீர்மானத்தைப் பள்ளிக்கூடமே திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பிவைக்கும் என்று பொறுப்பாசிரியர் அருணாச்சலம் பிரேயரில் அறிவித்திருந்தார்.

பூமிகா அந்த ஒரு வரிக்காகத்தான் பேர் கொடுத்தாள். மேடை என்றால் அவளுக்குப் பயம். ஆனாலும் கொடுத்தாள். நடுக்கடலில் இருக்கிற துவாலு தீவு அவளுக்குக் கிடைத்தது. அவளுடைய தீவு எது என்று எல்லோருக்கும் தெரியும்.

"தண்ணிய வெளி லேப்ல டெஸ்ட் பண்ணணும்னு ஒரே ஒரு பாயிண்டுடி. அது கலெக்டர் ஆபீசுக்குப் போனா போதும். எங்க நைனா மூணு தபா மனு குட்த்துட்டாரு. ஸ்கூல்லேர்ந்து போனா பாப்பாங்க இல்ல?" என்று வேனில் கேட்டாள்.

"பாப்பாங்க. நீ பாயிண்ட நல்லா எழுதிகினு வா" என்றாள் மோனிகா. மனசாரத்தான் சொன்னாள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாநாட்டன்று காலை தானியேல் மகளின் கோட்டை இஸ்திரி போட்டார். இங்கிலீஷ் மிஸ்ஸிடம் இரவல் வாங்கிய கோட்டு. போட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"எங்க எச்.ஆர். வசந்தகுமார் சாருதான் இன்னிக்கு உங்க ஸ்கூலுக்கு சீப் கெஸ்ட்டு. சாப்பாடு, பேனரு எல்லாம் எங்க கம்பெனி."

"தெரியும்பா."

"பர்மனென்ட் லிஸ்ட்டுல நாலு பேரு கீறோம். ரெண்டு பேருக்குத்தான் ஆர்டராம். பைலு அவரு டேபிள்லதான் கீது." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன். நீ நல்லா பண்ணு."

சும்மா சொன்னாராம்! பதினோரு வருஷம் காத்திருந்த மனுஷன் சும்மா சொல்வாரா? மோனிகா கோட்டை மாட்டிக்கொண்டாள். தோள் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் அருணாச்சலம் சார் வேறு பிடித்துக்கொண்டார். "கம்பெனி பேரு எதுவும் வரப்படாது, மோனிகா. உன்னை நம்பித்தான் உட்டிருக்கேன். சேர்பர்சனுக்கு சொந்த அபிப்பிராயம் கிடையாது, ரூல்ஸ் மட்டும்தான். ஞாபகம் வெச்சுக்கோ."

ஹாலில் ஒவ்வொரு மேஜை மேலும் கம்பெனி கொடுத்த சீல் போட்ட தண்ணீர் பாட்டில். முன்வரிசை சோபாவில் வசந்தகுமார். மோனிகாவின் கையில் மரச் சுத்தியல், பக்கத்தில் விதிப் புத்தகம். அந்தப் புத்தகத்தை அவள் ஒரு வாரமாகக் கரைத்துக் குடித்திருந்தாள். பேசுகிறவர் 'நான்' என்று சொல்லக்கூடாது, நாட்டின் பேரைத்தான் சொல்ல வேண்டும். கேள்வி வந்தால் ஆதாரம் காட்ட வேண்டும், அது அச்சிட்டதாகவோ பொது இடத்தில் வெளியிட்டதாகவோ இருக்க வேண்டும். பொருள்களைக் கொண்டுவந்து காட்டக்கூடாது. ஆனால் கீழேயே இன்னொரு வரி உண்டு: 'தலைவர் விரும்பினால் அனுமதிக்கலாம்.' அதைப் பென்சிலால் கோடு போட்டு வைத்தவளும் மோனிகாதான்.

இரண்டு மணி நேரம் சமர்த்தாக ஓடியது. பிளாஸ்டிக் ஸ்ட்ரா, மரக்கன்று, ஓவியப் போட்டி என்று பேசினார்கள், கைதட்டினார்கள். அப்புறம் துவாலு எழுந்தது. பூமிகாவின் இங்கிலீஷ் திக்கித் திணறியது; ஆனால் சொல்லவந்ததைச் சொல்லிவிட்டாள். தொழிற்பகுதியைச் சுற்றியிருக்கிற ஊர்களின் போர் தண்ணீரை வெளி ஆய்வகம் ஒன்று சோதிக்க வேண்டும். துவாலுவில் மூன்று போகமாக நெல் பால் பிடிக்காமலே காய்கிறது. துவாலுவில் மாடு அந்தத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.

ஹாலில் இரண்டு பேர் சிரித்தார்கள். ராபின் கையைத் தூக்கினான். அவன் ஜெர்மனி. நல்ல பையன்தான், வாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நோக்கம் எதுவும் இல்லை.

"ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டான். "கம்பெனிகளின் வாசலிலேயே கழிவுநீரின் அளவு இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது. எல்லாம் வரம்புக்குள். அது பொது வெளியீடு. துவாலுவிடம் என்ன இருக்கிறது?"

பூமிகா குனிந்து பையைத் திறந்தாள். ஒரு பழைய ஜூஸ் பாட்டில். உள்ளே மோட்டார் கொட்டகையில் பிடித்த தண்ணீர், ஒரு வாரம் ஊறிய டீத்தூள் நிறம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்த்தாள். பார்த்தது சேர்பர்சனை அல்ல, வேனில் பக்கத்தில் உட்காருகிறவளை.

மோனிகாவுக்குப் போர்டு என்றதும் நீல வாளி கண்முன் வந்து நின்றது. இந்த ஹாலில் அந்தப் போர்டு பொய் என்று அறிந்தவர்கள் யார் யார்? தனக்குத் தெரியும். சோபாவில் இருக்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்? வசந்தகுமார் போனை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை, மோனிகாவைப் பார்த்தார். 'பைலு அவரு டேபிள்லதான் கீது.'

பென்சில் கோடு போட்ட வரி அவள் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.

"பொருள்களைக் காட்ட விதியில் இடமில்லை" என்றாள். குரல் நன்றாக, கணீரென்று வந்தது. அதுதான் அவளுக்கே எரிச்சல். "துவாலு பாட்டிலை உள்ளே வைக்கவும். அச்சிட்ட ஆதாரம் இல்லாததால் அந்தப் பிரிவு நீக்கப்படுகிறது. ஜெர்மனி சொன்ன போர்டு பொது வெளியீடு என்பதால் ஏற்கப்படுகிறது."

சுத்தியலால் ஒரு தட்டு. ஏதோ சொல்ல வாயெடுத்த பூமிகா, மோனிகாவைப் பார்த்து, மூடிக்கொண்டாள். பாட்டிலைப் பைக்குள் வைத்து உட்கார்ந்தாள்.

மத்தியானம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஸ்ட்ரா வேண்டாம், மரக்கன்று வேண்டும், வருஷத்துக்கொரு ஓவியப் போட்டி. கலெக்டர் ஆபீசுக்கு அதுதான் போயிற்று. 'சிறந்த சேர்பர்சன்' ஷீல்டை வசந்தகுமார் தன் கையால் கொடுத்தார். "டிசிப்ளின்னா இதுதான். இந்தப் பொண்ணு நம்ம கம்பெனிக் குடும்பம், தெரியுமா?" என்று மைக்கில் சொன்னார். அருணாச்சலம் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மோனிகா போட்டோவுக்குச் சிரித்தாள். சிரிக்கத்தான் சொன்னார்கள்.

மூன்றாவது வாரம் தானியேலுக்கு ஆர்டர் வந்தது. பர்மனென்ட். கிரேஸ் அந்தக் காகிதத்தை பைபிளுக்குள் வைத்து சர்ச்சுக்கு எடுத்துப்போனாள். தெருவுக்கே கேசரி. "எம் பொண்ணு ராசி" என்று தானியேல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். மோனிகா தனக்கு வைத்த கேசரியைத் தம்ளர் போட்டு மூடி வைத்தாள். அது அப்படியே இறுகிப்போயிற்று. அழக்கூட அவளுக்கு வக்கில்லை. அழுதால் அப்பா ஏன் என்று கேட்பார்.

இந்த மூன்று வாரமும் பூமிகா வேனில் அதே சீட்டில்தான் உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை. கோபித்துக்கொண்டு இடம் மாறியிருந்தால் மோனிகாவுக்குக் கொஞ்சம் சுளுவாக இருந்திருக்கும். கேசரி செய்த மறுநாள் காலை பூமிகாதான் முதலில் பேசினாள்.

"உங்கப்பாவுக்கு ஆர்டர் வந்துச்சாமே?"

"ம்."

"நல்லதுடி. பாவம், எத்தினி வருசம்." பையின் வாரை இழுத்து முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள். "எங்க நைனா இந்த போகம் நடவே இல்ல. நானும் நைனாவும் ஊத்துக்கோட்டைல மாமா ஊட்டுக்குப் போறோம். அங்க ஸ்கூல் மாத்தணும்."

மோனிகா அவள் பக்கம் திரும்பினாள். "பூமி, அன்னிக்கு ரூல்ஸ்ல..."

"ரூல்ஸ உடு. எனக்கு வாளி மேட்டர் தெரியும் இல்ல? நீதான சொன்னே. அன்னிக்கு ராபின் போர்டுன்னு சொன்னதும் நாக்கு நுனில வந்திருச்சு. சொல்லியிருந்தா உங்கப்பாவுக்கு அன்னிக்கே கணக்கு முடிச்சிருப்பாங்க. அத்த சொல்லக்கூடாதுன்னுதான் மோட்டார் கொட்டாய்லேர்ந்து பாட்டில்ல புடிச்சிகினு வந்தேன்." அவள் குரல் ஏறவே இல்லை. "நீ அந்தப் பாட்டிலையாச்சும் மேஜை மேல வெக்க உட்டிருக்கலாம்."

பூமிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மோனிகா மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேன் கம்பெனி கேட்டுக்கு வந்து லாரிக்காக நின்றது. போர்டில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன, எல்லாம் வரம்புக்குள். மணி எட்டே கால் ஆகியிருந்தது. இந்நேரம் அப்பா வாளியைக் கழுவி முடித்திருப்பார்.