பிரேக் நன்றாகத்தான் இருந்தது

“குடிச்சிட்டு ஓட்டினாரு, அதான் வேலை போச்சு” என்று குழாயடியில் பேசுகிறார்களே, அவர்களில் ஒருத்தியாவது அந்த டிரைவரின் வாயை முகர்ந்து பார்த்தாளா? இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். கல்யாண வீட்டில்கூட சோடாவோடு நிறுத்திக்கொள்வார். தள்ளாடினார், உண்மை. பேச்சு குழறியது, அதுவும் உண்மை. தள்ளாடுகிறவனெல்லாம் குடிகாரன் என்றால் நடை பழகும் குழந்தையை என்னவென்று சொல்வது? அவரை யாரும் வேலையிலிருந்து துரத்தவும் இல்லை.

முதலில் போனது மூக்கு. டீசல் வாசனையே தெரியவில்லை என்றார். “குடுத்து வெச்சவரு. சட்டை துவைக்கிற எனக்கில்ல தெரியுது!” என்றாள் மனைவி. பிறகு, சும்மா மடியில் கிடக்கும்போது வலது கை நடுங்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அடங்கிவிடும். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. டிரிப் ஷீட்டில் கையெழுத்து எறும்பாகச் சிறுத்தது. முகம் பலகையானது. “என்மேல என்னண்ணே கோபம்?” என்று கேட்டுக் கேட்டுக் கண்டக்டர் அலுத்துப்போனான்.

“இது பார்க்கின்சன்” என்றார் டாக்டர். “மூளையில டோபமின் சுரக்கிற செல்லெல்லாம் கொஞ்சங்கொஞ்சமா அழியுது. அது குறைஞ்சா உடம்பு சொன்ன பேச்சு கேக்காது. வயசு, பரம்பரை, பூச்சிமருந்துன்னு பல காரணம் சொல்றாங்க. உங்களுக்கு எதுன்னு என்னால சொல்ல முடியாது. இனிமே வண்டி வேண்டாம்.”

மாத்திரை லெவோடோபா. குறைந்ததை ஈடுகட்டும், நோயை அழிக்காது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். போட்டதும் கை அடங்கியது. ஓய்வுக்கு எட்டே மாதம்தானே என்று அவர் டிப்போவில் வாயே திறக்கவில்லை.

வெறும் வயிற்றில் மருந்தா என்று மனைவிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் காலை பாலும் இரண்டு அவித்த முட்டையும் கொடுத்து, அதன்மேல் மாத்திரையைக் கொடுத்தாள். புரதம் முந்திக்கொண்டால் மருந்துக்கு வழி கிடைக்காது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

அன்றே சிக்னலில் கால் பிரேக்குக்குப் போகவில்லை. பஸ் கடைச் சுவரில் மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை. கண்டக்டர் முந்திக்கொண்டு, “பிரேக் பிடிக்கல” என்று சொல்லிவிட்டான். மறுநாளே, அந்த பஸ்ஸின் பிரேக்கைச் சரிபார்த்திருந்த மெக்கானிக்கை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

“பொய் சொன்னது நீங்க இல்லையே!” என்றாள் மனைவி.

“கேட்டுக்கிட்டு நின்னது நான்தானே. பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. டிப்போவுல போய்ச் சொல்லிடறேன்.”

“டாக்டர் சொன்னாரு, எல்லாம் முட்டையாலன்னு. அப்ப என்னையும் போய்ச் சொல்லுங்க!” என்று அழுதாள்.

“முட்டையும் நல்லாத்தான் இருந்துச்சு.”

முகத்தில் சிரிப்பு வரவில்லை. வேடிக்கைதான் பண்ணுகிறார் என்று அவளுக்குத் தெரியும். “எட்டு மாசம் வாயை மூடிக்கிட்டு இருங்களேன்” என்று கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை காக்கிச் சட்டையைப் போட்டார். பொத்தான்களுக்கே கால் மணி நேரமானது; அவள் மூலையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். வாசலுக்கு வந்ததும் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. இந்த நோய்க்கு வாசல் என்றாலே அப்படித்தான். உடம்பு முன்னால் சாய்ந்தது, பாதம் வரவில்லை. அப்படியே நின்றுவிட்டால் அவள் நினைத்தது நடந்துவிடும்.

அவள் எழுந்து வந்தாள். தாண்ட ஏதாவது இருந்தால் கால் எழும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தன் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தாள்.

“என் பேச்சைத்தான் தாண்டிட்டீங்க. காலையும் தாண்டுங்க.”

தாண்டினார். படியிறங்கி டிப்போ பக்கமாக நடந்தார். அவள் நின்றிருந்தது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு முறை திரும்ப அவருக்கு ஐந்தாறு அடி வேண்டியிருந்தது, திரும்பினால் மறுபடி கால் வருமோ வராதோ. நேரே போய்விட்டார்.