பன்னிரண்டரை வோல்ட் காட்டிய பேட்டரி

சார்ஜில் கிடக்கும் பேட்டரியிலிருந்து ஆசிட் நெடி வந்தால் பயமில்லை. பிளீச்சிங் பவுடர் நெடி வந்தால் உள்ளே உப்பு போயிருக்கிறது என்று அர்த்தம். எழுபதுகளில் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போகும் ரோட்டில் ஒரு பேட்டரிக் கடையில் நான் சார்ஜிங் வேலை பார்த்தேன். சவரிமுத்துவின் மீன்பிடி லாஞ்சு பேட்டரியில் ஒருநாள் அந்த நெடி வந்தது.

அதற்கு நாலு மாதம் முன்னால் அவன் அண்ணன் கடலில் தவறி விழுந்து போனார். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கரையில் சும்மா கிடந்த லாஞ்சை மறுபடி இறக்கப் போவதாகச் சொல்லி, சவரிமுத்து பேட்டரியைத் தூக்கி வந்தான். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, மீட்டரில் மூன்றைத் தாண்டவில்லை.

"எழும்புமா அண்ணாச்சி?"

"மூணு நாலு நாள் குடு. எழுப்பித் தாரேன்."

எனக்கு அந்தத் திமிர் உண்டு. செத்த பேட்டரியை எழுப்புகிறவன் என்று, கல்லறையிலிருந்து எழுந்த லாசரின் பெயரைச் சேர்த்து 'லாசர் மெக்கானிக்' என்றே கடற்கரையில் கேலி பேசுவார்கள். அடியோடு இறங்கிய பேட்டரிக்கு அவசரம் ஆகாது. இரண்டு ஆம்பியரில் ஸ்லோ சார்ஜ் போட்டு, பிளேட்டில் படிந்த சல்பேட் கரையக் காத்திருக்க வேண்டும். அப்படிப் போட்டிருந்தபோதுதான், இரண்டாம் நாள் நெடி வந்தது.

அன்று மத்தியானம், இறந்துபோனவரின் மனைவி பிலோமினா கடைக்கு வந்தாள். பேட்டரி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"இதுக்குள்ள யாரும்மா உப்புத் தண்ணி ஊத்துனது?" என்றேன்.

அவள் முகம் வெளிறிவிட்டது.

"நான்தான் அண்ணாச்சி. கோயில் மந்திரிச்ச தண்ணி. அவிய போன மாதிரி கொழுந்தனும் போயிரக் கூடாதுன்னு ஒவ்வொரு குழியிலயும் ஊத்துனேன்."

சர்ச்சில் தண்ணீரை மந்திரிக்கும்போது சாமியார் உப்பையும் மந்திரித்துப் போடுவார். அது அவளுக்குத் தெரியும். பேட்டரிக்கு உப்பு ஆகாது என்பது தெரியாது.

"மாமியாருக்குத் தெரிஞ்சா, புருசன முழுங்குனது பத்தாதா, லாஞ்சயும் முடக்கணுமான்னு வீட்ட விட்டு எறக்கிருவாவ. இது எழும்பிட்டுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ அண்ணாச்சி."

ஆசிட்டைக் கொட்டினேன். டிஸ்டில்டு வாட்டரில் மூன்று தரம் அலசி, புது ஆசிட் விட்டு, மறுபடி ஸ்லோ சார்ஜ் போட்டேன். நாலாம் நாள் மீட்டர் பன்னிரண்டரை காட்டியது. ஆசிட்டின் அடர்த்தியைச் சொல்லும் கிராவிட்டியும் சரி. அப்படியே கொடுத்துவிட்டால் அவளும் தப்பித்தாள், என் பெயரும் நிற்கும்.

கொடுக்கத்தான் இருந்தேன். பழக்கதோஷத்தில் செல் டெஸ்டரின் இரண்டு முள்ளையும் ஒவ்வொரு செல்லாக ஊன்றினேன். என்ஜின் இழுப்பதுபோல லோடு விழுந்ததும் கடைசி இரண்டு செல் கொதித்து ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டன. கரையில் இந்தப் பேட்டரி என்ஜினை இரண்டு தரம் ஸ்டார்ட் பண்ணும். நடுக்கடலில் என்ஜினை அணைத்தால் அவ்வளவுதான்.

சாயங்காலம் சவரிமுத்து வந்தான். "கடலுக்கு இது வேண்டாம்" என்றேன்.

"எழுப்பித் தாரேன்னு சொன்னீரே! மீட்டர் பன்னெண்டர காட்டுதுல்லா? முந்தாநாள் நான் வந்தப்ப ஒரு வாட அடிச்சுதே, என்னத்தவே ஊத்துனீரு?"

கடையில் நாலு பேர் நின்றார்கள், முதலாளியும் இருந்தார்.

"என் தப்புதான். கெணத்துத் தண்ணிய மாத்தி ஊத்திட்டேன்."

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் உப்பு எல்லாருக்கும் தெரியும். யாரும் சந்தேகப்படவில்லை. முதலாளி சவரிமுத்துவுக்கு வேறு பேட்டரி கொடுத்தனுப்பினார். என்னைச் சார்ஜிங்கிலிருந்து இறக்கி, பழைய பேட்டரி கழுவப் போட்டார். திரும்ப மேலே வர இரண்டு வருஷம் ஆயிற்று. பிலோமினா அந்த வீட்டிலேயே இருந்தாள்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளே, மீட்டரை மட்டும் நம்பி யார் கையிலும் பேட்டரியைக் கொடுக்காதீர்கள். லோடு போட்டுப் பாருங்கள். கெட்டது என்று தெரிந்தால் கெட்டது என்று சொல்லுங்கள். யாரால் கெட்டது என்பதைச் சொல்லும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

சவரிமுத்து என்னோடு அப்புறம் பேசவே இல்லை. எனக்கு அது வலித்தது, இப்போதும் வலிக்கிறது. ஆனால் அந்தக் கடையில் இருந்தவரை, சாயங்காலம் அவன் லாஞ்சு கரைக்கு வந்துவிட்டதா என்று பார்க்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை.